செப்பும் பந்தும் கனச்சதுரமும்

'செப்பிடு வித்தை' என்னும் தொடரை நாம் இக்காலத்தில் நற்பொருளில் வழங்குவதில்லை. கணக்கில் புரட்டுச் செய்தவனையும், வாக்களித்துவிட்டுக் கைவிரித்தவனையும் 'செப்பிடு வித்தை காட்டுகிறான்' என்கிறோம். மேடைப் பேச்சிலும் செய்தித்தாளிலும் இத்தொடர் ஒரு வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஆயினும் சொல்லைப் பிரித்து நோக்கினால் அதனுள் வசை ஒன்றும் இல்லை. செப்பு என்பது சிறு கலம். சிமிழ் என்றும் சொல்வோம். கலத்தினுள் ஒன்றை இடுவதும், இட்டதை இல்லாமற் செய்வதும், இல்லாததை எடுப்பதுமாகிய கைத்திறனே செப்பிடு வித்தை. பேச்சுவழக்கில் அது 'செப்படி வித்தை' ஆயிற்று. செப்புதல் என்றால் சொல்லுதல் என்றும் பொருளுண்டு. வித்தைக்காரர் வாய் ஓயாமல் செப்புவதே பாதி வித்தை என்று என் ஆசிரியர் ஒருவர் நகைப்பார். அது நகைச்சுவையே; சொற்பிறப்பு ஆகாது.

செப்பு நமக்குப் புதிய பொருளன்று. திருக்குறளில் உட்பகையைக் கூறுமிடத்து, செப்பும் அதன் மூடியும் பொருந்தியிருக்கும் தோற்றம் உவமையாக வருகின்றது. புறத்தே பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். அகத்தே அவை ஒன்றல்ல. உட்பகைக்கு எடுத்த உவமைதான் எனினும், செப்பின் இயல்பைக் கைவினைஞனின் கண்கொண்டு நோக்கியவரே இவ்வாறு கூற இயலும். பொருத்துவாய் தெரியாமல் மூடுவதுதான் செப்புக்கு அழகு. வித்தைக்காரர் அந்த அழகைத் தம் தொழிலுக்கு எடுத்துக்கொண்டார்.

மலையாளத்தில் இவ்வித்தைக்கு இன்றும் 'செப்பும் பந்தும்' என்றே பெயர். சென்ற நூற்றாண்டில் வாழ்ந்த வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி என்பார் இதில் பெரும்புகழ் எய்தினார். கேரளத்து வித்தைக்காரர் அவரைத் தம் குலபதியாகப் போற்றுகின்றனர். அங்கே பெயர் நிலைத்தது, மதிப்பும் நிலைத்தது. நம்மிடம் பெயர் வசையாயிற்று. வித்தையாளர் பெயர்களோ மறைந்தேபோயின. மறைந்த பெயர்களுள் ஒன்றையேனும் மீட்டுச் சொல்லவேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்று. இதை எழுதத் தூண்டியவன் எம் பள்ளி மாணவன் ஒருவன். அவன் கையிலிருந்தது செப்பு அன்று, ஆறு வண்ணமுடைய ஒரு சுழலும் கனச்சதுரம். அதனைப் பின்னர்க் காண்போம்.

கிண்ணத்தையும் உருண்டையையும் கொண்டு வித்தை காட்டுவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செனேக்கா என்னும் அறிஞர், தம் நண்பர்க்கு எழுதிய 45ஆம் மடலில் கிண்ணமும் கூழாங்கல்லும் கொண்டு செய்யும் வித்தையைக் குறிப்பிடுகின்றார். ஏமாறுவதிலேதான் இன்பம், வழி தெரிந்துவிட்டால் பிறகு ஆர்வம் இராது என்பது அவர் கருத்து. எகிப்து நாட்டுக் கல்லறை ஓவியம் ஒன்றை நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய செப்பிடு வித்தைக்குச் சான்றாகப் பலர் காட்டுவர். அங்கே இருவர் கவிழ்த்த கலங்களோடு குனிந்திருப்பது உண்மை. அது வேறொரு விளையாட்டாகவும் இருக்கலாம் என்று அறிஞர் ஐயுறுகின்றனர். ஐயத்திற்குரியதைச் சான்றாகக் கொள்ளாமல் விடுவதே முறை.

ஐரோப்பாவிலும் இக்கலைக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. ஏறத்தாழ 1500ஆம் ஆண்டளவில் போஷ் என்னும் ஓவியரோ அவர் பட்டறையினரோ தீட்டிய படம் ஒன்றுண்டு. மேசைமேல் கிண்ணமும் உருண்டையும் வைத்து ஒருவன் வித்தை காட்டுகின்றான். வாய்பிளந்து குனிந்து பார்ப்பவனின் பணப்பையைப் பின்னால் நிற்பவன் அறுக்கின்றான். பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்தாற்போல என்று நாம் சொல்லும் அதே நிலை. 1584ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர், சூனியக்காரர் என்று ஏழை மக்கள் துன்புறுத்தப்படுவதைப் பொறாமல் ஒரு நூல் எழுதினார். அதில் கைவித்தைகள் பலவற்றின் செய்முறையை வெளிப்படையாக விளக்கினார். இவை பேயின் செயலல்ல, விரலின் செயல் என்று காட்டுவதே அவர் எண்ணம். ஆங்கில மொழியில் கைவித்தையை விரித்துரைத்த தொடக்க நூல்களுள் அது ஒன்று. வித்தையின் மறைவைச் சொன்னதால் சில உயிர்கள் பிழைத்திருக்கவும் கூடும் என்பதை நினைக்கும்போது, செனேக்காவின் கூற்று அரை உண்மையாகவே எனக்குப் படுகின்றது.

இனி நம்மவர் முறை எவ்வாறு வேறுபட்டது என்பதைப் பார்ப்போம். இவ்வேறுபாடுதான் இக்கலையின் உயிர்.

ஐரோப்பிய வித்தைக்காரர் மேசைக்குப் பின்னே நிற்பார். இடுப்பில் ஒரு பை தொங்கும். மேசை விளிம்பு அதனை மறைக்கும். கிண்ணங்கள் ஆழமானவை, ஒன்றனுள் ஒன்று அடங்குபவை. காண்போர் எதிரே மட்டும் நிற்பர். நம் வித்தைக்காரர்க்கு மேசை இல்லை, திரை இல்லை. தெருப்புழுதியில் குந்தியிருப்பார், சட்டை அணியாத மேனி, முழங்கை வரை மறைக்க ஒன்றுமில்லை. நாற்புறமும் கூட்டம் வளைத்து நிற்கும். அவருடைய செப்பு ஆழமற்றது. கவிழ்த்த சிறு கிண்ணம் போன்றது. உச்சியில் ஒரு குமிழ் இருக்கும். அக்குமிழைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பற்றித் தூக்குவார். அவ்வாறு பற்றும்பொழுது கட்டைவிரலும் மற்ற இரு விரல்களும் வேலையற்று இருப்பதாகக் காண்போர் நினைப்பர். துணியால் செய்த பந்து அவ்விரல்களுக்கிடையேதான் குடியிருக்கும். குமிழ் வைத்த கொல்லன் அழகுக்காக வைத்தானில்லை. வித்தையே அந்தக் குமிழில்தான் இருக்கின்றது. கருவியின் உருவமும் கையின் உருவமும் பல தலைமுறையாக ஒன்றையொன்று திருத்திக்கொண்டு வந்துள்ளன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இந்த வித்தையை நான் ஒருமுறை மிக அருகில் இருந்து பார்த்திருக்கின்றேன். நான் நான்காம் வகுப்பில் பயின்ற காலம். கோல லங்காட் வட்டாரத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள். சம்பளம் போட்டிருந்ததால் லயத்து வாசல்களில் கலகலப்பு. ஒரு பெரியவர் சாக்கு விரித்துக் குந்தினார். மூன்று செப்புகள், சிவப்புத் துணிப்பந்துகள், ஒரு குச்சி. கூட்டத்தில் என்னை அழைத்து, ஒரு பந்தை என் உள்ளங்கையில் வைத்து மூடச்சொன்னார். "தம்பி, கெட்டியாப் புடி, ஓடிடும்" என்றார். நான் நகம் பதிய மூடிக்கொண்டேன். திறந்தபோது இரண்டு பந்துகள் இருந்தன. கூட்டம் சிரித்தது, எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போனதும் அப்பாயி மஞ்சள் நீரில் என் கையைக் கழுவி, மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். அந்தப் பெரியவர்க்கு ஐம்பது காசு கொடுத்ததும் அதே அப்பாயிதான். அச்சமும் மதிப்பும் ஒரே கையில் இருந்தன என்பதை இன்று எண்ணிப் பார்க்கின்றேன். அவர் ஒரு பந்தை வைத்தபோதே இரண்டை வைத்தார் என்பதை உணர எனக்குப் பத்தாண்டு ஆயிற்று.

அத்தகைய ஒருவர்தாம் கடல் கடந்து சென்று பெயர் பெற்ற இராமசாமி.

ஆங்கிலச் செய்தித்தாள்கள் அவரை 'ராமோ சாமி' என்று எழுதின. 1810ஆம் ஆண்டுகளில் இந்திய வித்தைக்காரர் குழுக்கள் இங்கிலாந்துக்கு வரத்தொடங்கின. 1813இல் இலண்டன் மாநகரில் பால் மால் என்னும் செல்வர் தெருவில் அத்தகைய குழுவொன்று காட்சி நடத்தியது. அவர்களுள் நிலைத்த புகழ் பெற்றவர் இவர். சென்னைப் பகுதியிலிருந்து வந்தவர் என்று கருதப்படுகின்றார். கிண்ணமும் பந்தும், பித்தளைப் பந்துகளை மேலெறிந்து பிடித்தல், வாயினுள்ளேயே மணிகளை நூலிற் கோத்தல், வாள் விழுங்குதல் ஆகியவை அவர் நிகழ்த்தியவை. 1819இல் அமெரிக்க நாட்டிலும் காட்சி தந்தார். பின்னர் இங்கிலாந்திலேயே தங்கி, அந்நாட்டுப் பெண்ணை மணந்து, நாடக அரங்குகளிலும் பூங்காக்களிலும் தம் வித்தையைக் காட்டி வாழ்ந்தார். தாக்கரே போன்ற நாவலாசிரியர் தம் எழுத்திற் போகிறபோக்கில் அவர் பெயரைக் குறிக்கும் அளவிற்கு அந்நாட்டில் எல்லோரும் அறிந்த பெயராயிற்று அது.

வில்லியம் ஹாஸ்லிட் என்னும் கட்டுரையாளர் 1821இல் வெளியிட்ட தொகுதியில் 'இந்திய வித்தைக்காரர்' என்றொரு கட்டுரை உள்ளது. வெண்ணிற உடையும் இறுகக் கட்டிய தலைப்பாகையுமாக வந்து தரையில் அமர்ந்து, நான்கு பித்தளைப் பந்துகளை ஒரே காலத்தில் காற்றில் இயக்கும் ஒருவரை அவர் காட்டுகின்றார். அவர் கண்டது இராமசாமியையே என்பது பலர் கருத்து. ஹாஸ்லிட் வெட்கப்படுகின்றார். இவ்வளவு பிழையின்றித் தம்மால் செய்யக்கூடியது எது என்று தம்மைக் கேட்டு, ஒன்றுமில்லை என்று விடை கூறிக்கொள்கின்றார். தம் கட்டுரைகள் எல்லாம் பந்து நழுவி விழுந்தவை போன்றவை என்பது அவருடைய ஆற்றாமை. எழுத்தாளர் ஒருவர் வித்தைக்காரர்முன் இவ்வாறு தலைகுனிந்ததைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நல்லது.

ஆயினும் அதே கட்டுரையில் அவர் ஓர் எல்லையும் வகுக்கின்றார். இத்திறன் இயந்திரத் திறன். செய்தான் அல்லது தவறினான் என்று உடனே அளந்துவிடலாம். பெருமை என்பது இதற்கு அப்பாற்பட்டது என்கின்றார். பந்தெறிவதைப் பற்றியவரை இது பொருந்தலாம். செப்பிடு வித்தைக்குப் பொருந்தாது என்பது என் துணிபு. பந்தெறிபவர்க்குப் பந்தும் கையும் போதும். எதிரே யாரும் இல்லாவிட்டாலும் பந்து நான்கும் காற்றில் நிற்கும். செப்பிடுபவர்க்கோ எதிரே ஒரு மனிதர் வேண்டும். அவர் எப்பொழுது எதனைப் பார்ப்பார், எதனைப் பார்த்ததாக நினைத்துக்கொள்வார், எப்பொழுது மூச்சு விடுவார் என்பதையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டும். ஒன்பது வயதுச் சிறுவன் கையை இறுக மூடிக்கொள்வானேயன்றி எண்ணிப் பார்க்கமாட்டான் என்று எங்கள் லயத்துக்கு வந்த பெரியவர் அறிந்திருந்தாரே, அதனை இயந்திரத் திறன் என்று எங்ஙனம் சொல்வது? வாள் விழுங்குதலைக் காவலர் தடைசெய்யவேண்டும் என்றும் ஹாஸ்லிட் எழுதினார். அவ்வரியை மட்டும் பிற்காலத்தார் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டனர்போலும். 1959ஆம் ஆண்டுப் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம், பாட்டு, ஆட்டம், வித்தை முதலியவற்றின் பெயரால் பொதுவிடத்தில் பொருள் பெறுவோரையும் இரப்போர் கூட்டத்தில் சேர்த்தது. பின்னர் அது தில்லிக்கும் விரிந்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2018இல்தான் அதன் பல பிரிவுகளைச் செல்லாதவை என்றது.

இராமசாமி 1850ஆம் ஆண்டில் இலண்டனில் இறந்தார். நாற்பதாண்டுக்கு அண்மைய உழைப்பிற்குப் பின் அடக்கச் செலவுக்கும் வீட்டில் பொருள் இல்லை. உதவி வேண்டி அவர் மனைவி செய்தித்தாளில் வேண்டுகோள் விடுத்தார். இவ்வளவே நமக்குக் கிடைக்கும் முடிவு.

மேலை நாட்டார் பின்னர் நினைவில் வைத்துக்கொண்டது யாரை? நடவாத ஒன்றை! 1890ஆம் ஆண்டு சிக்காகோ நாளிதழ் ஒன்று, இந்தியாவில் ஒருவர் வானில் கயிற்றை எறிந்து அதன்மேல் சிறுவனை ஏற்றி மறையச்செய்ததாகச் செய்தி வெளியிட்டது. சில திங்களுக்குப்பின், அது கட்டுக்கதை என்று அவ்விதழே ஒப்புக்கொண்டது. ஒத்த கதைகள் முன்பே வழங்கியவை எனினும், உலகெங்கும் பரவியது இதற்குப் பிறகுதான். மறுப்பைப் படித்தவர் சிலர். கதையை நம்பியவர் பலர். கயிற்று வித்தை இந்தியாவின் அடையாளம் ஆயிற்று. துணிப்பந்தும் குமிழ்ச்செப்பும் ஏந்திக் குளிர்நாட்டில் உழைத்த இராமசாமி மறக்கப்பட்டார். நம்மை மாயம் உடையவராகக் காண விரும்பினரேயன்றித் திறம் உடையவராகக் காண விரும்பினாரில்லை. என் மனத்தில் நெடுநாள் உறுத்தியது இதுவே.

இந்நிலையில் சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய கனச்சதுரம் என் மேசை இழுப்பறைக்கு வந்து சேர்ந்தது. நானே பறித்து வைத்தேன். தெலுக் பங்லிமா காராங்கில் எம் பள்ளி இன்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கியிருக்கின்றது; தோட்டம் இல்லை. பிள்ளைகள் குடியிருப்புகளிலிருந்து வருகின்றனர். பெற்றோர் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். அம்மாணவன் படிப்பில் பின்தங்கியவன். வாசிக்கச் சொன்னால் சொற்களைத் தடவித் தடவிச் செல்வான். பாட நேரத்தில் மேசைக்கடியில் கட்டையைத் திருகிக்கொண்டிருந்தான். ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. கேட்காமலே இருந்தான் என்பதை எண்ணி நாணமுற்று, அழைத்துக் கொடுத்தேன்.

மாணவர் 'கியூப்' என்று கூறும் இப்பொருளின் வரலாறு சுருக்கமானது. அங்கேரி நாட்டுப் புடாப்பெஸ்ட் நகரில் வடிவமைப்புக் கலை பயிற்றிய ஆசிரியர் எர்னோ ரூபிக் 1974இல் இதனை மரத்தால் செய்தார். தாம் செய்ததைத் தாமே கலைத்துவிட்டு, மீண்டும் சேர்க்க அவர்க்கு ஒரு திங்களுக்கு மேல் ஆயிற்று. 1977இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தபோது இதன் பெயர் 'மாயக் கட்டை' என்று பொருள்படும் அங்கேரியச் சொல்லாகவே இருந்தது. 1980இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதுதான் ஆசிரியர் பெயர் அதற்கு வாய்த்தது. 1982இல் புடாப்பெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்றவர்க்கு 22.95 நொடி ஆயிற்று. எங்கள் பக்கத்து இரவுச் சந்தைகளில் இதன் போலிகள் நான் மாணவனாய் இருந்தபோதே குவிந்து கிடந்தன. என் உடன்பயின்றோர் பலரும் வண்ணத்தாளை உரித்து ஒட்டியே 'வென்றனர்'.

நம் வகுப்பறைக் கணக்குக்கும் இஃது ஏற்ற பொருள். கனச்சதுரத்திற்கு முகம் 6, விளிம்பு 12, உச்சி 8 என்று நெட்டுருச் செய்விக்கின்றோம். இக்கட்டையில் நடுத்துண்டு 6, விளிம்புத்துண்டு 12, உச்சித்துண்டு 8. ஆக 26 துண்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. நடுத்துண்டுகள் ஆறும் தத்தம் இடத்திலேயே சுழல்வன. ஏனைய 20 துண்டுகளே இடம் மாறுவன. அவை அமையக்கூடிய வகைகள் 43,252,003,274,489,856,000. இருபது இலக்கமுள்ள எண். இவ்வளவு பெருங்கலைவிலும் எந்த நிலையிலிருந்தும் 20 திருப்பங்களுக்குள் சேர்த்துவிடலாம் என்பது 2010இல் கணிப்பொறி கொண்டு நிறுவப்பட்டது.

இக்கட்டையை வேகமாகச் சேர்ப்பது ஒரு கலை; இதனைக் கொண்டு கண்முன்னே வித்தை காட்டுவது வேறொரு கலை. கலைந்த கட்டையை ஒரு முறை மேலே எறிந்து பிடித்தால் சேர்ந்திருக்கும்; நீங்கள் கலைத்துக் கொடுத்த கட்டையைப் போலவே, அவர் கையிலுள்ள மற்றொன்றும் கலைந்திருக்கும்; காகிதப் பையில் போட்டு எடுத்தால் முகங்கள் ஆறும் வண்ணம் கூடியிருக்கும். 2015இல் ஸ்டீவன் பிரண்டேஜ் என்னும் அமெரிக்க இளைஞர் தொலைக்காட்சியில் இதனைச் செய்து, பென், டெல்லர் என்னும் கைதேர்ந்த வித்தைக்காரர் இருவரையே வழி அறியமுடியாமல் திகைக்க வைத்தார். அவ்விருவரும் யார் எனில், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் கிண்ணங்களைக் கொண்டு செப்பிடு வித்தை காட்டியவர்கள்! ஒளிவு மறைவின்றிக் காட்டியும் காண்போர் கண்ணைத் தப்பியது அவர்தம் பந்து.

எம் மாணவன் இதனையே கற்றுக்கொண்டிருந்தான். கட்டையைத் திருப்பிக் கொடுத்த அன்று, "ஐயா, ஒன்னு காட்டட்டுங்களா?" என்றான். கலைந்து கிடந்த கட்டையை என் கண்ணெதிரே பிடித்தான்; மணிக்கட்டைச் சொடுக்கினான்; வெள்ளை முகம், பச்சை முகம், சிவப்பு முகம் மூன்றும் துலங்கி நின்றன. ஒன்பது வயதில் வந்த அதே திகைப்பு ஐம்பதைக் கடந்த வயதிலும் வந்தது. எப்படி என்று கேட்டேன். சற்றுத் தயங்கினான். பின்பு, "நீங்க மூணு பக்கந்தான் பாத்தீங்க ஐயா. மத்த மூணையும் நான் பாத்துக்கிட்டேன்" என்றான்.

முப்பது ஆண்டுக்கு மேலாகக் கனச்சதுரத்தைக் கரும்பலகையில் வரைந்து வருகின்றேன். வரையும்பொழுதெல்லாம் மூன்று முகங்களைத்தான் வரைந்திருக்கின்றேன். எப்பக்கம் நின்று நோக்கினும் ஒரே பார்வையில் மூன்று முகங்களுக்கு மேல் தெரியாது என்பதை ஒருநாளும் ஒரு செய்தியாக நான் கொண்டதில்லை. சிறுவன் கொண்டான். செப்பு கவிழ்ந்திருக்கும்போது அதனுள் ஏதோ மறைந்துள்ளது என்று நாம் ஐயுறுவோம். கட்டையைக் கண்டால் ஐயுறமாட்டோம். அதற்கு மூடி இல்லை, உள்ளிடம் இல்லை, எல்லாம் வெளியே இருக்கின்றது என்று நினைக்கின்றோம். உண்மையில் அது தன் பாதியைத் தானே மூடிக்கொண்டிருக்கும் செப்பு.

கண்ணின் குறை இத்தோடு முடியவில்லை. ஆறேழு திருப்பம் மட்டும் கலைந்த கட்டையையும் அறுபது திருப்பம் கலைந்த கட்டையையும் ஒருங்கே வைத்தால் பழகாத கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. இருபது இலக்க எண்ணைக் கேட்டிருப்பதால், கலைந்தது என்றாலே கரைகாணாக் கலைவு என்று மனம் முடிவுசெய்துவிடுகின்றது. லயத்துப் பெரியவரின் ஓயாத பேச்சு செய்த வேலையை இங்கே அந்த எண் செய்கின்றது.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்துபார்க்கத்தக்க ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். இது தொழில் மறைவன்று, கணக்கு. சேர்ந்திருக்கும் கட்டையில் வலப்பக்க அடுக்கை அரைச்சுற்றுத் திருப்புக. பின் மேலடுக்கை அரைச்சுற்றுத் திருப்புக. இவ்விரண்டையும் இதே ஒழுங்கில் ஆறு முறை செய்தால், இடையில் எவ்வளவு கலைந்து தோன்றினாலும், கட்டை தொடங்கிய நிலைக்கு வந்துவிடும். அரைச்சுற்றுக்கு மாறாகக் காற்சுற்றாக, ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் திருப்பினால், ஆறு முறை போதாது. 105 முறை வேண்டும். எந்த ஒழுங்கை எடுத்துக்கொண்டாலும் விடாமல் திரும்பச் செய்தால் 1260 முறைக்குள் அது தொடங்கிய இடத்திற்கு வந்தே தீரும். கலைப்பதுபோல் காட்டிக்கொண்டே சேர்ப்பதற்கு வழி இருக்கின்றது என்பது இதனால் விளங்கும். இதற்கு மேலும் சொன்னால் வித்தையால் வாழ்வோர் என்னை மன்னியார். ஸ்காட் உயிரைக் காக்க மறைவை வெளியிட்டார். எனக்கு அத்தகைய காரணம் ஏதும் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் இவனை வித்தை காட்டச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "பிள்ளைக்கு எதுவும் அண்டியிருக்கப் போகுது, பாத்துக்கங்க" என்று அவன் பாட்டியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மஞ்சள் நீரும் மிளகாயும் இன்னும் தொலைவில் இல்லை. நான் எழுந்து, அவன் இவ்வித்தைக்காக நான்கு திங்கள் பழகினான், ஒரு திருப்பத்தை நாளொன்றுக்கு நூறு முறை செய்தான் என்று கூறினேன். நூறு என்பதை அவனே எனக்குச் சொல்லியிருந்தான். பாட்டி அந்த அம்மாவைப் பார்த்து, "அண்டியிருக்கிறது அந்தக் கட்டைதான், சோறு திங்கறப்பகூடக் கீழ வைக்கிறதில்ல" என்றார். அவையில் எழுந்த சிரிப்பில் பேச்சு அடங்கிற்று.

அன்று நான் ஒன்றைக் கவனித்தேன். வித்தை தொடங்குமுன் அவன் எல்லோரையும் தன் எதிரே மட்டும் உட்காரச் செய்தான். பின்னால் நின்ற இரு சிறுவரைக் கையசைத்து முன்னே வரவழைத்தான். மேசை வைத்துக்கொண்ட ஐரோப்பியரின் முறை அது. மறுநாள் அவனிடம் குமிழ்ச்செப்பைப் பற்றியும், நாற்புறமும் கூட்டம் சூழ வெறும் தரையில் குந்தியிருந்த பெரியவரைப் பற்றியும், இராமசாமியைப் பற்றியும் சொன்னேன். இராமசாமி எந்தத் தோட்டம் என்று கேட்டான். சென்னைப் பக்கம் என்றேன். அவருக்குப் பின்னால் யாரும் உட்கார்ந்ததில்லையா என்று அடுத்துக் கேட்டான். உட்கார்ந்திருப்பர் என்றேன்.

இப்போது இடைவேளையில் மண்டபத் தரையில் குந்தி, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சுற்றிலும் வட்டமாக உட்கார வைத்துப் பழகிக்கொண்டிருக்கின்றான். இன்னும் கைவரவில்லை. மற்ற மூன்று முகங்களும் முதுகுப்புறத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகின்றன. அவர்கள் கைகொட்டிக் கூவுகின்றனர்.